ஆறாம் வாளி

நாட்டுப்புறப் பாட்டில் நல்லது எது,
பிள்ளைகளுக்கு ஏற்றது எது என்று கேட்டு
மிஸ் கயற்கண்ணி ஒரு தாள் கொடுத்தார்.
பள்ளி வேன் ஓட்டுகிறவனிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.
"நான் அவர்களை உட்காரவைத்துப் பாடவைக்கிறேன்.
உங்கள் வண்டியில் அவர்களாகவே பாடுகிறார்கள்."

பதினொரு வருடமாக ஈசூன் ரிங் ரோட்டில்
பாட்டுகளை நான் சோதித்திருக்கிறேன்.
வேகத்தடையில் உடையாத பாட்டு வேண்டும்.
ஒரு சிவப்பு விளக்குக்குள் முடிய வேண்டும்,
பச்சை விழாவிட்டால்
முதலிலிருந்து தொடங்கவும் வேண்டும்.

மிஸ் எழுதிய பாட்டில் எட்டுச் சரணம்.
கை கழுவு, வரிசையில் நில், பெரியோரை வணங்கு.
இரண்டாம் சரணத்தில் அகிலன் வாந்தி எடுத்தான்.
பாட்டின் மேல் பழி போடவில்லை,
காலையில் மைலோ அதிகம் குடித்திருந்தான்.
ஆனாலும் மூன்றாம் சரணத்தை
அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

நான் பாடியது இவ்வளவுதான்:

அஞ்சு வாளி, ஆறு வாளி,
ஆறாம் வாளி அடியே காலி!
விழுந்தது யாரு?

எங்கே கேட்டேன், தெரியாது.
வண்டி கழுவும்போது வாயில் வந்ததாகவும் இருக்கலாம்.
கேள்விக்குப் பின்னால் ஓர் இடம் விட்டிருக்கிறதே,
ஓட்டை வாளியைப்போல, அதுதான் விசேஷம்.
தினமும் ஒருவர் பெயர் அதில் விழும்.
பெயர் விழுந்த பிள்ளைக்கு அன்று கோபமே வராது,
விழாத பிள்ளைதான் உர்ரென்று இருக்கும்.

பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.
ஜூன் வெய்க்கு 'ஆராம் வாலி'.
ரிஃப்கா சீட் பெல்ட்டின் கொக்கியைத்
தட்டித் தட்டித் தாளம் போடுவாள்,
அந்தக் கொக்கியை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
பின் இருக்கையிலிருந்து வந்தது:

விழுந்தது யாரு? தங்கையா மொட்டை!
வெளியே வந்தா வாத்து முட்டை!

கண்ணாடியில் பார்த்தேன்.
பதினான்கு முகமும் ஜன்னல் பக்கம்.
மொட்டையை நான் மறைத்ததில்லை,
ஆனாலும் வாத்து முட்டை சுருக்கென்றது.
மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு போனேன்.
அதற்கும் ஒரு வரி வந்துவிட்டது,
அதை இங்கே எழுத முடியாது.

மூன்று மாதம் கழித்து
காத்திப் பெட்ரோல் நிலையத்தில்
பக்கத்தில் இன்னொரு வேன்.
செம்பவாங் பக்கத்துப் பிள்ளைகள்,
ஒன்றையும் எனக்குத் தெரியாது.
கதவு திறந்ததும் கேட்டது:

அஞ்சு பால்டி, ஆறு பால்டி,
ஆறாம் பால்டி அடியே காலி!
விழுந்தது யாரு? ரஹீம் மீசை!
வெளியே வந்தா வெந்த தோசை!

ரஹீம் மீசையைத் தடவிக்கொண்டே
பணம் கட்டப் போனார்.
எண்ணெய்க் குழாயைப் பிடித்தபடி நின்றேன்.
என் வாளி இல்லை. என் தலை இல்லை.
பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்,
மூன்று மாதம் நான் சுமந்த அவமானத்தை
யாரோ மீசைக்குக் கொடுத்துவிட்டார்கள்.
மெட்டு மட்டும் ஒரு முடி மாறவில்லை.

மிஸ் கொடுத்த தாளில்
'இயற்றியவர்' என்று ஒரு கட்டம்.
என் பெயரை எழுதினேன், அடித்தேன்.
ரஹீம் பெயரை எழுதி அதையும் அடித்தேன்.
தாள் அழுக்காகிவிட்டது.
'அறிவுரை வேண்டாம்,
யாராவது விழ வேண்டும்' என்று
ஓரத்தில் கிறுக்கிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் காலை ஆறு பத்துக்கு,
இன்னும் இருட்டு,
நிறைமதி முதலில் ஏறினாள்.
முன்பல் இரண்டும் போயிருந்தன.
அந்து வாளி, என்று தொடங்கினாள்.
திருத்த வாயெடுத்தேன்,
அதற்குள் அடுத்த புளோக் வந்துவிட்டது.

வியாழக்கிழமைக்குள்
பல் இருக்கிற பிள்ளைகள் எல்லாம்
அந்து வாளி.